திருப்பதிக்குப் போனவர்கள்

இந்த வருஷத் தீபாவளிக்கு இசைவாணி சித்திரை மாதமே திருப்பதிக்குக் கிளம்பிவிட்டாள். வாயால்தான். மூத்த நாத்தனார் தங்கமாரி ஏதோ பேச்சுக்குப் போன் செய்தபோது, "பெருமாளுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி கீது, எப்போ தீக்கப் போறமோ" என்று ஒரு பெருமூச்சோடு சொல்லி வைத்தாள். அதோடு நிறுத்திக்கொண்டாள். ஆடியில் நடு நாத்தனாரிடம், "தேதி பாத்தா தீபாவளி அன்னிக்குத்தான் கெடைக்கிது, இன்னா பண்றது" என்றாள். புரட்டாசியில் கடைசி நாத்தனார் ரஞ்சனியிடம் டிக்கெட் போட்டாகிவிட்டது என்றாள். மூன்று பேரிடமும் ஒரே நாளில் சொன்னால் பொய் பல்லை இளிக்கும். இடைவெளி விட்டு ஒவ்வொருத்தியாகச் சொன்னால் அவர்களே ஒருத்திக்கொருத்தி சொல்லிச் சொல்லி அதை நிஜமாக்கிவிடுவார்கள். அவள் நினைத்தது தப்பவில்லை. ஐப்பசி பிறந்தபோது தங்கமாரியே போன் செய்து, "கூட்டம் ஜாஸ்தியா இருக்கும் அண்ணி, நகை நட்டெல்லாம் போட்டுக்கினு போவாதீங்க" என்று புத்தி சொன்னாள்.

இசைவாணியின் கணவன் தசரதனுக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் அளவு தெரியாது. "மொட்டை வேண்டுதல்னு சொல்லிட்டா இன்னும் ஸ்ட்ராங்கா இருக்குமே" என்றான் ஒருநாள்.

"சொல்லிட்டு? திரும்பி வந்தன்னிக்கு இந்த முடியோட போய் நிப்பியா?"

அவன் தலையைத் தடவிக்கொண்டு போய்விட்டான். லட்டுக்குக்கூட அவள் ஏற்பாடு செய்திருந்தாள். பக்கத்து வீட்டுச் செல்வமேரி வேலை பார்க்கும் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் திருப்பதிப் பக்கத்துப் பெண்கள் நிறைய உண்டு. ஊருக்குப் போய் வரும் ஒருத்தி இரண்டு லட்டு வாங்கி வருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அதைப் பிட்டு மூன்று வீட்டுக்கும் கொடுத்தால் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது.

இத்தனை பாடும் தீபாவளி வரிசைக்குப் பயந்துதான். தசரதனுக்கு அப்பா அம்மா இல்லை, தங்கைகள் மூன்று பேர். வடக்குப்பட்டில் இருக்கிற இந்த இரண்டு அறை ஷீட் வீடுதான் அவர்களுக்குத் தாய்வீடு. ஒவ்வொரு தீபாவளிக்கும் புருஷன் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். ஆளுக்கொரு புடவை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, பிள்ளைகளுக்குத் துணி, இனிப்பு, பட்டாசு, தாம்பாளத்தில் ஆயிரத்தொரு ரூபாய், அதற்கு மேல் கறிச்சோறு. எப்படி இழுத்துப் பிடித்தாலும் ஒரு தங்கைக்கு எட்டாயிரம் ஆகிவிடும். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஃபிட்டராக இருக்கிற தசரதனுக்கு வருகிற போனஸே எட்டாயிரம்தான். மிச்சத்தை ஐப்பசியில் வட்டிக்கு வாங்குவான், ஆடி வரைக்கும் கட்டுவான்.

அதுகூடப் போகட்டும். போன வருஷம் மகள் கவிப்பிரியாவின் பாலிடெக்னிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்த பணத்தையும் தூக்கித் தாம்பாளத்தில் வைத்துவிட்டான். கல்லூரியில் ஹால் டிக்கெட் கொடுக்கவில்லை. ஒரு செமஸ்டர் போச்சு. அந்தப் பெண் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால் இசைவாணி தாங்கியிருப்பாள்.

இந்த வருஷம் பழைய பாக்கியும் புதுசுமாக இருபத்தாறாயிரம். தீபாவளி கழிந்த திங்கட்கிழமை கடைசி நாள். அன்றைக்கும் கட்டாவிட்டால் பேரை அடித்துவிடுவோம் என்று கல்லூரி ஆபீசில் சொல்லிவிட்டார்கள். தை மாதத்திலிருந்து இசைவாணி வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததும் போனஸும் சேர்ந்து சரியாக அந்த இருபத்தாறு வந்தது. பேங்கில் போட்டால் பைக் தவணைக்கு ஃபைனான்ஸ்காரன் இழுத்துக்கொள்வான் என்று ஒரு சில்வர் தூக்கில் போட்டு அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

காசு இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டால் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கேட்பவர்கள் தசரதனைப் பார்த்ததில்லை. "அண்ணா" என்று ஒரு குரல் வாசலில் கேட்டால் போதும், ஆள் வெண்ணெயாக உருகிவிடுவான். அதனால் கதவுக்கு வெளியே தொங்கப்போகிற பூட்டு வருகிறவர்களுக்காக மட்டும் அல்ல, உள்ளே இருக்கிற இவனுக்காகவும்தான். நிஜமாகவே திருப்பதிக்குப் போகலாம் என்றால் மூன்று பேருக்கு பஸ், ரூம், சாப்பாடு என்று ஐயாயிரம் பழுத்துவிடும். ஆகவே தீபாவளிக்கு முந்தின சாயங்காலம் தெரு முழுக்கப் பார்க்கும்படி மூன்று பேரும் பையோடு மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். நன்றாக இருட்டினதும் காலிமனைகள் வழியாகச் சுற்றி வந்து வீட்டுக்குள் நுழைந்துகொண்டார்கள். செல்வமேரி வெளியே பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியோடு போனாள். அவளுக்குத் தீபாவளி இல்லை, கிறிஸ்மஸ்தான். நாள் முழுக்க வீட்டில் இருப்பேன், மத்தியானம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பூட்டைத் திறந்து சோறு வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

தீபாவளி விடிந்தது. தெருவெல்லாம் வெடியும் எண்ணெய்க் குளியலும் வடை வாசனையுமாக இருந்தது. இவர்கள் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள். அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, வாசனை வரும். லைட் போடக் கூடாது. குழாயை நூல் மாதிரி திறக்க வேண்டும். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இரும வேண்டும். வெயில் ஏற ஏற மேலே சிமெண்ட் ஷீட் அடுப்பாகக் கொதித்தது. ஃபேன் மட்டும் ஒன்றாம் நம்பரில் சுற்றியது. சுற்றியது என்பது பேருக்குத்தான். கவிப்பிரியா ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தசரதன் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். ஆனாலும் இசைவாணிக்கு உள்ளுக்குள் ஒரு பெருமிதம் இருந்தது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு ரூபாய்கூட வட்டிக்கு வாங்காத முதல் தீபாவளி இது.

ஒரு மணிக்குச் சோறு வரவில்லை. போனில் செல்வமேரியின் குரல் செய்தி வந்தது. இசைவாணி காதோடு அழுத்திக் கேட்டாள்.

"வாணிக்கா, தப்பா எடுத்துக்காத. செகண்ட் ஷிப்ட்டுக்கு ஆளே இல்லியாம். தீபாவளி இல்லாதவங்க எல்லாம் வாங்க, டபுள் சம்பளம்னு சூப்பர்வைசர் கூப்ட்டாரு. கம்பெனி பஸ் வந்து நின்னுட்சி, ஓடியாந்து ஏறிட்டேன். சாவி என் பையிலயே வந்துட்சிக்கா. கேட்டுல போன வாங்கி வெச்சிடுவாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து தொறக்கறேன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

இசைவாணி மற்ற இரண்டு பேருக்கும் அதைக் கிசுகிசுத்தாள். பூட்டு தங்களுடையது, சாவி தங்களுடையது என்கிற தைரியத்தில்தான் இவ்வளவு நேரம் மூச்சு வந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. திடீரென்று அறை சின்னதாகிவிட்டது. ஜன்னலும் ஒன்றே ஒன்று, தெருவைப் பார்த்தது, கொசுவலையை நாலு பக்கமும் ஆணி வைத்து அடித்திருந்தது.

தசரதன் கதவைப் பார்த்தான். "கீல் உள்பக்கமாதான் கீது. ஸ்க்ரூ டிரைவர் போட்டா அஞ்சு நிமிஷம், கதவே கையில வந்துடும்" என்றான் மெல்ல.

"கழட்டிட்டு? கதவு இல்லாத வூட்ட பாக்க ஊரே கூடும். ஒக்காருய்யா."

உட்கார்ந்தான். ஆனால் டூல்ஸ் பையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

மூன்று மணி வாக்கில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்று போகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் வாசல் வரைக்கும் வந்தது. யாரோ பூட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். இசைவாணி ஜன்னல் கதவின் விரற்கடை இடைவெளியில் கண்ணை வைத்தாள்.

ரஞ்சனி. கடைசி நாத்தனார். குன்றத்தூரில் வேல்ராஜ் என்கிற லோடு வண்டி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு ஐந்து வருஷம் ஆகிறது, மூன்று வயதில் ஒரு பிள்ளை. இப்போது பிள்ளை இல்லை, புருஷன் இல்லை. தீபாவளி நாளும் அதுவுமாகப் பழைய நைலக்ஸ் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஒரு பெரிய கட்டைப்பை, காலியாக, நாலாக மடித்து. அவள் செல்வமேரி வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். அங்கேயும் பூட்டு. திரும்பி வந்து இவர்கள் வாசற்படியில் உட்கார்ந்தாள்.

பாயில் கிடந்த தசரதனின் போன் அதிர்ந்தது. எடுக்காதே என்று இசைவாணி கையை ஆட்டுவதற்குள் அவன் எடுத்துவிட்டான். தங்கை பேர் வந்தால் அவன் கை தானாகப் போய்விடும்.

"அண்ணா, எங்கண்ணா கீற?" குரல் போனிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது.

"கியூல கீறம்மா" என்று கிசுகிசுத்தான். "பேச முடியாது. உள்ள வுட்டுட்டாங்க."

"சரிண்ணா. ஒண்ணுமில்ல. எனக்கும் சேத்து வேண்டிக்கோ."

இந்த இடத்தில் வைத்துவிட்டிருக்கலாம். அவனுக்கு மனசு வரவில்லை. "சாப்ட்டியாம்மா?" என்றான். அப்போது பார்த்து எதிர்வீட்டுக்காரன் ஆயிரம் வாலா சரத்தைத் தெருவில் நீட்டிக் கொளுத்திவிட்டான். ஒரு நிமிடம் முழுக்க வெடித்தது. ரஞ்சனியின் ஒரு காதில் தெருவிலிருந்தும் இன்னொரு காதில் போனிலிருந்தும் ஒரே சரம், ஒரே நேரத்தில், ஒரு வெடி பிசகாமல் வெடித்து ஓய்ந்தது.

ரஞ்சனி திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

"திருமலையிலயும் வெடிக்கிறாங்களாண்ணா?" என்று கேட்டாள்.

 பதிலுக்கு நிற்காமல் அவளே போனை வைத்துவிட்டாள். படியிலிருந்து எழுந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி" என்றாள். சத்தமாக இல்லை.

சித்திரையிலிருந்து ஏழு மாதம் இசைவாணி எந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று யோசித்து வைத்திருந்தாள். ரயிலா பஸ்ஸா, ரூம் வாடகை எவ்வளவு, எல்லாம் தயார். இந்த ஒரு வார்த்தை அந்தக் கணக்கில் இல்லை. ஜன்னல் கதவை ஒரு கை அகலம் திறந்தாள். கொசுவலைக்கு அந்தப் பக்கம் ரஞ்சனியின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

"சாவி மேரிகிட்ட மாட்டிக்கிச்சிடி" என்றாள். பாதி நிஜம்.

"நேத்தே திரும்பிட்டீங்களா?"

"போவவே இல்லம்மா" என்றான் தசரதன் பின்னாலிருந்து.

ரஞ்சனி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இசைவாணிக்குப் பதில் சொல்ல வாட்டமாக இருந்திருக்கும். "மேரிக்காகிட்ட எதுனா குடுத்து வெச்சிட்டுப் போயிருப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள் அவள். "எங்க ஓர்ப்படிக்கு அவங்க அம்மா வூட்லருந்து வரிசை முந்தாநாளே வந்துட்சி. மாமியா அத நடு வூட்ல பரப்பி வெச்சிக்கினு, திருப்பதி போவ காசு கீது, தங்கச்சிக்கு ஒரு பொடவ எடுக்க இல்லியான்னு காலையிலருந்து ஆரம்பிச்சிட்சி. அவரு குடிச்சிட்டு வந்தாரு. போய் வாங்கிக்கினு வா, காலிப் பையோட வந்து நிக்காதன்னுட்டாரு. புள்ளைய அனுப்ப மாட்டன்னுட்டாரு."

 மூன்று நாத்தனார்களையும் இசைவாணி ஒரே மூட்டையாகக் கட்டித்தான் நினைத்துப் பழகியிருந்தாள். தங்கமாரிக்குச் சொந்த வீடு இருக்கிறது. நடுவுக்காரியின் புருஷன் கம்பெனியில் பெர்மனென்ட். அவர்களுக்கு ஒரு வருஷம் வரிசை வராவிட்டால் வாயில் நாலு பேச்சு வரும், அவ்வளவுதான். ரஞ்சனிக்கு அந்த வீட்டில் சோறே இந்தத் தாம்பாளத்தை நம்பித்தான் விழுகிறது என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். நினைக்காமல் இருந்தாள்.

தசரதன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிட்டான். "நவுரு வாணி. கதவக் கழட்றேன்."

இசைவாணி போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். "கழட்டிட்டு இன்னா பண்ணுவ? எட்டாயிரத்த எடுத்துக் குடுப்ப. ஒரு மணி நேரத்துல தங்கமாரி இங்க நிப்பா. சின்னவளுக்கு வெச்சியே எனக்கு இல்லியான்னு கேப்பா. அவளுக்கும் குடுப்ப. அப்பறம் கவி ஃபீஸுக்கு எங்க போவ?" மூச்சுக்குள்ளேயே சண்டை போட்டாள், ஆனால் ஜன்னல் கை அகலம் திறந்தே இருந்தது. கத்திச் சண்டை போடக்கூட வழியில்லாத வீடாகிவிட்டது அது. கவிப்பிரியா இரண்டு பேரையும் பார்க்காமல் குனிந்தே இருந்தாள். எட்டாயிரம் போனால் மிச்சம் பதினெட்டாயிரம் இருக்கும். பதினெட்டாயிரத்துக்கு எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவு படித்துக்கொள் என்று எந்தக் கல்லூரியிலும் சொல்ல மாட்டார்கள்.

"அண்ணி, கொஞ்சம் தண்ணி குடேன்" என்றாள் ரஞ்சனி.

இசைவாணி ஓடிப்போய்ச் சொம்பில் மொண்டு வந்தாள். ஜன்னலுக்கு வந்தபிறகுதான் கொசுவலை கண்ணில் பட்டது. அரிவாள்மணை அங்கேதான் இருந்தது, ஒரு கீறு கீறினால் போதும். ஆனால் தண்ணீர் போகிற அளவுக்குக் கிழித்தால் ரூபாயும் போகும் என்று அவள் மனசு சொல்லிற்று. சொன்னது யாருக்கும் கேட்கவில்லை, அவளுக்கு மட்டும் கேட்டது. அந்த ஆணிகளுக்காக அவள் அந்த நிமிடம் நிம்மதிப்பட்டாள். தன்னைப்பற்றி அவள் ஒருநாளும் அவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை.

"ஆணி அடிச்சிக் கீதுடி" என்றாள்.

ரஞ்சனி சொம்பைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "பரவால்ல அண்ணி. தெருக்கொழா கீதே" என்றாள்.

அப்போது அவள் போன் அடித்தது. வேல்ராஜ், வீடியோ காலில். அவன் குரல் உள்ளே வரைக்கும் குழறலாக வந்தது. "இன்னாடி, இன்னா குடுத்தான் ஒங்கண்ணன்?"

ரஞ்சனி சட்டென்று ஜன்னலை விட்டு விலகினாள். இசைவாணி ஜன்னல் கதவைச் சாத்தினாள். இப்போது ஒரு வார்த்தை போதும். உள்ளதான் ஒளிஞ்சிக்கினு கீறாங்க என்று ரஞ்சனி சொல்லிவிட்டால் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து தெருவையே கூட்டிவிடுவான். அவள் பேரில் தப்பில்லை என்றாவது ஆகும். இசைவாணி மறுபடி வாசற்கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாப் பாரு" என்றது ரஞ்சனியின் குரல். "பூட்டிக் கீது. திருப்பதிக்குத்தான் போய்க் கீறாங்க. பாரு." பூட்டைப் பிடித்து இழுத்து ஆட்டினாள். ஒருதரம், இரண்டுதரம். கதவு அதிர்ந்து இசைவாணியின் முதுகில் இடித்தது.

தசரதன் கீலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். இசைவாணி இப்போது அவனைத் தடுக்கவில்லை, நகர்ந்துகொண்டாள். கழற்றட்டும், என்ன ஆகுமோ ஆகட்டும் என்றுதான் நினைத்தாள். அவன் ஸ்க்ரூ டிரைவரின் நுனியைத் திருகாணியின் பிளவில் வைத்தான். ஃபிட்டரின் கை, குறி தப்பவில்லை. திரும்பி மகளைப் பார்த்தான். கை அப்படியே நின்றது. அவன் திருகவில்லை. திருகு என்று இசைவாணியும் சொல்லவில்லை.

வெளியே வேல்ராஜ் என்னவோ கெட்ட வார்த்தை சொன்னான். "இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி கீது? அழுவுறியா?"

"பொகைதான்" என்றாள் ரஞ்சனி. "வெடிப் பொகை."

போனை வைத்தபிறகு அவள் ஜன்னல் பக்கம் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "கவிக்கு எப்போ கட்டணும்?" என்று கேட்டாள்.

"திங்கக்கெழம" என்றாள் இசைவாணி. குரல் வெளியே போயிற்றோ இல்லையோ.

"கட்டிடுங்க."

செருப்புச் சத்தம் தெருக்கோடி வரைக்கும் போயிற்று. குழாயடியில் அவள் நிற்கவில்லை. இசைவாணி இடைவெளியில் பார்த்தபோது கட்டைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

தசரதன் கதவோரமாகச் சரிந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். வயிற்றிலிருந்து எக்கி எக்கி வந்தது. தெருவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் கேட்டது. இசைவாணி பதறிப்போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தன் முந்தானையைச் சுருட்டி அவன் வாயில் வைத்து அழுத்தினாள்.

"சத்தம் வராம அழுய்யா" என்றாள்.

பதினோரு மணிக்கு இன்னும் ஏழு மணி நேரத்துக்கு மேல் இருந்தது.